பின்பனியும் இளவேனிலும்: ஒளிப்படக் கேள்வி பதில்

மழை ஓய்ந்து பனி இறங்கி, பின்னர் அந்தப் பனியும் விலகி வெயில் ஏறுகின்ற மாதங்களில் இயற்கையைப் படம்பிடிப்பது தொடர்பாக வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: வசந்த காலம் என்றதும் வெளிநாட்டு நாட்காட்டிகளில் வருகின்ற பூத்துக் குலுங்கும் மரங்களே நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் மழை முடிந்தால் நேரே வெயில்தானே? இங்கே பருவம் மாறுவதைப் படமாக எடுக்க என்ன இருக்கிறது?
(வாசகி, கோப்பாய்)

பதில்: ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தவர்கள் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே சென்றால், நேரே வெயில்தான் என்று நீங்கள் சொல்லும் அந்த மூன்று நான்கு மாதங்களில் எவ்வளவு மாற்றம் நடக்கிறது என்பது தெரியும். எனது அபிப்பிராயத்தில், இங்கே முதலில் மாறுவது நீர், அடுத்தது ஒளி, மரங்கள் மூன்றாவதாகத்தான் வருகின்றன. நாட்காட்டிப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் பூவை மட்டும் தேடுவதால், முதல் இரண்டையும் தவறவிட்டுவிடுகிறது.

நீரை எடுத்துக்கொள்ளுங்கள். எமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்துவிடுகிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு எதுவும் இல்லை. ஆகவே தைப்பொங்கல் நேரத்தில் நிரம்பிக் கிடக்கின்ற குளங்களும் தரவைகள் எனப்படும் தாழ்ந்த புல்வெளிகளும் வல்லைவெளியும் மாசி, பங்குனி மாதங்களில் நாளுக்கு நாள் சுருங்குகின்றன. ஓரத்தில் சேறு தெரிகிறது, சேறு வெடிக்கிறது, கடல்நீரேரிக் கரைகளில் உப்புப் படிகிறது, மிஞ்சிய நீரைத் தேடிப் பறவைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு படம்.

ஒளியின் மாற்றம் இதைவிட நுட்பமானது. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையளவில் இருப்பதால், ஜனவரி நடுப்பகுதியில் நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 59 பாகை உயரத்திலேயே நிற்கிறது. மார்ச் நடுப்பகுதியில் அது 78 பாகையாகி, ஏப்ரல் நடுப்பகுதியில் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. காலை நேரத்தில் இதன் விளைவு என்னவென்றால், தைப்பொங்கலன்று 9 மணிக்குச் சூரியன் நிற்கின்ற உயரத்தைச் சித்திரைப் புத்தாண்டன்று அது 8.15 மணிக்கே எட்டிவிடுகிறது. அதாவது, மென்மையான காலை வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. பங்குனியில் எடுத்த படங்கள் வெளிறிப்போய்விட்டன என்று முறையிடுபவர்களுள் பலர், தையில் எழும்பிய நேரத்துக்கே பங்குனியிலும் எழும்புகிறவர்கள்.

மரங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தையில் மா பூக்கத் தொடங்கும். மாசியில் முள்முருக்கும் இலவும் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கொம்பில் சிவப்பாகப் பூக்கும். இலை மறைக்காத அந்தப் பூக்களில் தேன் குடிக்க மைனாவும் காகமும் வருவதால், மரத்தடியில் அமைதியாக நின்றாலே பூவும் பறவையும் ஒன்றாகக் கிடைக்கும். வேம்பு மாசியளவில் மஞ்சளித்து உதிர்ந்து, பங்குனியில் செம்பு நிறக் கொழுந்து விட்டு, சித்திரைக்குச் சற்று முன்னரே பூத்துவிடும். இந்தக் கொழுந்தைச் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நின்று, ஒளி இலையை ஊடுருவி வரும்படி எடுத்தால், எந்த மேல்நாட்டு வசந்தத்துக்கும் குறையாத நிறம் உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: தை மாதத்தில் விடியற்காலைப் பனியைப் படம் எடுக்கிறேன். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது படத்தில் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறது. கமராவில் பிழையா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: கமராவில் பிழை இல்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. எந்தக் காட்சியையும் நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்கே அதன் ஒளிமானி அமைக்கப்பட்டிருக்கிறது. காட்சி முழுவதும் வெண்மையாக இருக்கும்போது அது மிகை வெளிச்சம் என்று கருதிக் குறைத்துவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட வெளிச்சத் திருத்தப் பொத்தானைக் கூட்டல் பக்கமாக மூன்றில் இரண்டு முதல் ஒரு படி வரை நகர்த்துங்கள். வெண்சமநிலையையும் தானியங்கி நிலையில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். தானியங்கி நிலை, விடியலின் நீலத்தையும் அதன்பின் வரும் பொன்னிறத்தையும் குறையென்று எண்ணித் திருத்திவிடும். நாம் வெளியே சென்றதே அந்த நிறங்களுக்காக.

எந்தக் காலையில் பனி இறங்கும் என்பதை முன்னைய இரவே ஓரளவு கணித்துவிடலாம். மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு, மழையின் ஈரம் இன்னும் காயாத நிலம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். மேகம் இருந்தால் நிலத்தின் வெப்பம் வானுக்குப் போகாது. காற்று இருந்தால் குளிர்ந்த அடுக்கு கலைந்துவிடும். நிலம் காய்ந்துவிட்டால் பனியாக மாறுவதற்கு ஈரம் இராது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொன்னாலும், படத்துக்கு உகந்த திரண்ட பனி, மழை விட்டுச் சில வாரங்களுக்குள் வருவதே.

நிற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் பனி தட்டையாகத் தெரியும். சூரியன் பக்கவாட்டிலோ, ஒரு பனைக்குப் பின்னால் மறைந்து எதிரிலோ இருந்தால் பனிக்குள் ஒளிக்கற்றைகள் பிரியும். சுன்னாகத்தில் இருக்கும் உங்களுக்குச் செம்மண் தோட்டங்கள் அருகிலேயே உள்ளன. முன்னால் வெங்காயப் பாத்தி, நடுவில் புகையிலைக் கன்றுகள், தூரத்தில் ஒன்றைவிட ஒன்று மங்கலாகிச் செல்லும் பனங்கூடல் என்று மூன்று அடுக்குகள் உள்ள ஓரிடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் 6.30 மணியளவில் உதிக்கிறது; 8 மணியாகும்போது பெரும்பாலும் எல்லாம் கலைந்துவிடும். அந்த நேரத்தை இடம் தேடுவதில் செலவழிக்கக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரம்பில் நடப்பது மரியாதையும்கூட.

கேள்வி: என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே உள்ளது. போதுமா?
(மாணவி, நல்லூர்)

பதில்: பனிக்கும், பூவுக்கும், வெடித்த குளத்துக்கும், சிலந்தி வலையில் தங்கிய பனித்துளிக்கும் போதும்; தூரத்துப் பறவைக்குப் போதாது. விரலால் பெருப்பிக்கும்போது பல தொலைபேசிகள் படத்தை வெட்டிப் பெரிதாக்குகின்றனவே தவிர அருகில் கொண்டுவருவதில்லை. ஆகவே அதைத் தவிர்த்து, காலால் அருகில் செல்லக்கூடியவற்றை மட்டும் எடுங்கள். திரையில் பொருளைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தை நீங்களே தீர்மானியுங்கள். எடுப்பதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். தொலைபேசியில் எடுத்த படங்கள் மங்கலாக இருப்பதற்கு விரல் எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: பூநாரைகளைப் படம் எடுக்க எங்கே, எப்போது செல்லலாம்? கடந்த மாசியில் 400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்றும் ஒரு படமாவது கூர்மையாக வரவில்லை. நண்பர்கள் சத்தமிட்டுப் பறக்கவைத்தும் பயனில்லை.
(வாசகர், வேலணை)

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று விடயங்கள் இருக்கின்றன. மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். சத்தமிட்டுப் பறக்கவைப்பதை இத்துடன் நிறுத்திவிடுங்கள். மாசி, பங்குனி மாதங்கள் வலசைப் பறவைகள் திரும்பிச் செல்வதற்காக உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம். பூநாரைகளின் அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே போகவேண்டியவை. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அவை தின்று சேர்த்ததைச் செலவழிக்கின்றன. இது ஒருபுறமிருக்க, விரட்டப்பட்ட பறவை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பறக்கும். ஆக, அப்படிக் கிடைப்பது வாலின் படம் மாத்திரமே.

பூநாரை நிற்கும்போது வெளிறிய ரோஜா நிறமாகவும், சிறகை விரிக்கும்போதுதான் செந்நிறமும் கறுப்புமாகவும் தெரிவதால், பறக்கும் படத்துக்கு ஆசைப்படுவது இயல்பு. அதற்குக் காற்றைக் கவனிக்க வேண்டும். பூநாரை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே செய்கிறது. எழும்பும்போது நீரின்மேல் சில அடிகள் ஓடியும் செல்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலைச் சூரியனும் கிழக்கில் இருக்கிறது. எனவே கூட்டத்துக்குக் கிழக்கே அல்லது வடகிழக்கே நீங்கள் நின்றால், ஒளி உங்கள் முதுகுப்புறமிருந்து பறவையின்மேல் விழும், பறவையும் உங்களை நோக்கியே எழும்பும். இந்த இரண்டும் ஒருங்கே வாய்ப்பது இம்மாதங்களின் காலை நேரத்தில்தான். ஒரு மேய்ச்சலிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அவை தாமாகவே சிறு சிறு கூட்டங்களாகப் பறந்துகொண்டிருக்கும். பொறுத்திருக்கிறவருக்கு விரட்டவேண்டிய தேவையே வராது.

கூர்மை கெட்டதற்கு வாடகை லென்ஸைக் குறைசொல்ல முன்னர், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று பாருங்கள். 9 மணிக்குப் பிறகென்றால் காரணம் கானல். வெயிலில் சூடேறிய சேற்றுத்தரைக்கு மேலே வெப்பமான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அசைய, அவற்றினூடாக வரும் ஒளி வளைந்து நெளிகிறது. முந்நூறு மீற்றர் தூரத்துப் பறவையை எடுக்கும்போது அந்த முந்நூறு மீற்றர் நெளிவும் படத்தில் ஏறிவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டியோ, விலை உயர்ந்த லென்ஸை வாங்கியோ, கணினியில் கூர்மையாக்கியோ இதைச் சரிசெய்ய முடியாது. சூரியன் உதித்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுப்பதும், தூரத்தைக் குறைப்பதும்தான் வழி. காய்ந்த சேற்றைவிட நீர்ப்பரப்புக்கு மேலே கானல் குறைவு என்பதால், தையில் கிடைத்த கூர்மை அதே இடத்தில் பங்குனியில் கிடைக்காமல் போவதும் உண்டு.

இடம் என்று பார்த்தால், வேலணையில் இருக்கும் உங்களுக்குப் பண்ணை வீதியும் மண்டைதீவுக் கரையும் வழியிலேயே இருக்கின்றன. பண்ணை வீதி நகரிலிருந்து தென்மேற்காகச் செல்வதால், காலையில் வடமேற்குப் பக்க நீரையும் மாலையில் தென்கிழக்குப் பக்க நீரையும் பார்த்து நின்றால் வெளிச்சம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும். வாகனத்தை ஓரமாக நிறுத்தி அதற்குள்ளேயே இருந்துகொண்டு எடுப்பது நல்லது. மோட்டார் வாகனத்துக்குப் பழகிய பறவைகள்கூட மனிதன் கதவைத் திறந்து இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடும். அராலிப் பக்கமும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியும் பார்க்கத்தக்கவை. ஒவ்வோர் ஆண்டும் நீர் நிற்கும் ஆழத்தைப் பொறுத்துக் கூட்டம் இடம் மாறுவதால், ஒரே இடத்தை நம்பிப் போகாமல் மீன்பிடிக்கும் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். அவர்கள் சொல்வது இணையத்தில் இருப்பதைவிடப் புதியது.

அமைப்புகள்: பறக்கும்போது ஷட்டர் வேகம் செக்கனில் 1/2000, மேயும்போது 1/1000 போதும். இருண்ட நீரின் நடுவே வெளிறிய பறவை சிறிதாகத் தெரிந்தால் கமரா வெளிச்சத்தை மிகைப்படுத்தி இறகின் நுண்மையை எரித்துவிடும். அங்கே கழித்தல் பக்கம் போகவேண்டும். அதே பறவை வெள்ளை வானத்துக்கு எதிரே பறந்தால் கூட்டல் பக்கம். இரண்டுக்கும் இடையே தடுமாறாமல், ஒளி மாறாத காலையில் எல்லாவற்றையும் கையால் ஒருமுறை அமைத்துவிட்டு விட்டுவிடுவதே எனக்குப் பிடித்த முறை. சாம்பல் நிறமாகச் சில தெரிந்தால் வேறு இனம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். அவை இளம் பறவைகள். உணவிலிருந்து நிறம் ஏறச் சில ஆண்டுகள் செல்லும்.

கேள்வி: மாரிக்குப் பிறகு கமராவை வெளியே எடுத்தால் லென்ஸுக்குள் வெண்ணிற நூல்போல ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: அது பூஞ்சணம். அரிசி அதை நீக்காது. அரிசித் தூசு கமராவின் இடுக்குகளுக்குள் புகுந்து இன்னொரு தொல்லையைத்தான் தரும். உள்ளே படர்ந்துவிட்டதைக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தெரிந்த ஒருவரிடமே கொடுக்க வேண்டும். பிந்தினால் கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிடும். இனி வராமலிருக்க, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்தால் ஜெல்லை எப்போது காயவைக்க வேண்டும் என்பது தெரியும். தோல் உறைக்குள் கமராவை மாதக்கணக்கில் வைத்திருப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே விடியற்காலை ஈரக்காற்றுக்குள் வந்தால் லென்ஸில் நீர் படியும். முதல்நாளிரவே கமராவைப் பையோடு விறாந்தையில் வைத்துவிட்டால் இது நேராது. மணற்காட்டு மணல்மேடுகளுக்கும் தொண்டைமானாற்றுக் கரைக்கும் போகிறவர்கள், திரும்பி வந்ததும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காமல், முதலில் காற்றடித்து மணலை நீக்கி, சற்றே ஈரமான துணியால் உப்பை எடுத்து, அதன்பின் உலரத் துடைக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் பனை, இங்கே பனி என்று எழுதியே பழகிவிட்டோம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனிக்கட்டி உருகி வசந்தம் வருவதை ஒன்ராறியோவில் எப்படிப் படம் எடுப்பது?
(வாசகர், ஸ்காபரோ, கனடா)

பதில்: சுன்னாகம் வாசகருக்குச் சொன்ன வெளிச்சத் திருத்தம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் வெயிலில் மின்னும் பனிப்பரப்புக்கு ஒன்று முதல் இரண்டு படி வரை கூட்ட வேண்டியிருக்கும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். மேலதிக மின்கலத்தைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வையுங்கள். வீட்டுக்குள் வரும்போது கமராவைப் பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கட்டி, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். பருத்தித்துறை வாசகர் விடியற்காலையில் வெளியே வரும்போது எதிர்கொள்வதை நீங்கள் உள்ளே வரும்போது எதிர்கொள்கிறீர்கள்.

எதை எடுப்பது என்றால், முழு வெள்ளையையோ முழுப் பச்சையையோ தேடாமல், உருகும் விளிம்பைத் தேடுங்கள். மரத்தின் அடியைச் சுற்றிப் பனிக்கட்டி வட்டமாகக் கரைந்திருக்கும் இடம், ஓடையின் ஓரத்தில் கண்ணாடிபோல் மெலிந்த பனித்தகடு, மார்ச்சில் திரும்பி வந்து காய்ந்த கோரையில் ஏறிக் கத்தும் சிவப்புத் தோள் கரும்பறவை ஆகியவற்றில் இரண்டு பருவமும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். ஏப்ரல் இறுதியில், பெருமரங்கள் இலை விட்டு நிழல் மூடுவதற்கு முன்னர், காட்டுத் தரையில் சிறு செடிகள் அவசரமாகப் பூத்து முடிக்கும். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலராக இருக்கும் வெண்ணிற றில்லியமும் அவற்றுள் ஒன்று. முழங்காலிட்டு, பூவின் மட்டத்துக்கே கமராவை இறக்கி எடுங்கள். பாதையை விட்டு இறங்கி அயலில் உள்ளவற்றை மிதித்துவிடாதீர்கள். ரொறன்ரோ ஹை பார்க்கில் 1959 இல் ஜப்பானியர்கள் அன்பளிப்பாகத் தந்த செரி மரங்கள் பூக்கும் வாரத்தில் ஊரே அங்கே திரளும். மரத்தை எடுக்கமுடியாத அந்த நெரிசலில், உதிர்ந்த இதழ்கள் படிந்த குளத்தங்கரையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது எனது யோசனை.

கேள்வி: பாடசாலை ஒளிப்படப் போட்டிக்கு அந்திவானத்தின் முன் பனைமரம் கறுத்து நிற்கும் படத்தை அனுப்ப விரும்பினேன். ஆசிரியர் வேண்டாம் என்கிறார். பனை எமது அடையாளம் அல்லவா?
(மாணவன், சாவகச்சேரி)

பதில்: அடையாளம்தான். ஆனால் போட்டிக்கு வருகின்ற படங்களில் அதே படம் எத்தனை இருக்கும் என்பதை உங்கள் ஆசிரியர் அறிந்திருக்கிறார். அந்தியில் கறுத்து நிற்கும் பனையைப் பார்த்து அது தையா ஆடியா என்று ஒருவராலும் சொல்லமுடியாது. பருவத்தைப் பற்றிய போட்டிக்கு அது ஒரு குறை. பனையையே எடுங்கள், அதில் இப்பருவத்துக்குரியதை எடுங்கள். ஆண்பனையில் விரல்கள்போல நீளும் பாளைகளையும் அவற்றைச் சுற்றும் தேனீக்களையும் எடுக்கலாம்; வட்டுக்குள்ளிருந்து, அதாவது ஓலைகள் விரியும் உச்சியிலிருந்து, வெளிவரும் மடிப்புக் கலையாத குருத்தோலை, வடலி எனப்படும் இளம்பனையருகே நின்றாலே கண்மட்டத்தில் கிடைக்கும். சற்றுப் பொறுமை இருந்தால் பனை உழவாரன் குருவியைக் கவனியுங்கள். தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் பறவை அது. கூட்டுக்கு அருகே செல்லாமல், அது வந்து போகும் வானப்பாதையை மட்டும் எடுத்தால் போதும்.

போட்டிக்குத் தொடர்படம் அனுப்ப அனுமதி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. உங்கள் ஊர்க் குளமொன்றின் கரையில் ஒரு கல்லையோ மதகையோ அடையாளமாக வைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில், அதே நேரத்தில், தை முதல் சித்திரை வரை வாரத்துக்கு ஒரு படம் எடுங்கள். லென்ஸின் குவியத்தூரத்தை மாற்றக்கூடாது. சட்டகத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரே மரம் நிற்கவேண்டும். தனித்தனியே பார்த்தால் சாதாரணமான அந்தப் படங்கள் வரிசையாக வைக்கப்படும்போது, நிறைந்த குளம் வற்றி மாடு மேயும் வெளியாவதைச் சொல்லிவிடும்.

கேள்வி: ஆறுமணிக்குருவியைப் படம் எடுக்க அதன் குரலைத் தொலைபேசியில் ஒலிக்கவிடலாமா?
(வாசகி, காரைநகர்)

பதில்: வேண்டாம். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரலளவில் திரும்பும் விருந்தாளி அது. பொய்க்குரலைக் கேட்டுத் தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது என்று எண்ணி இரை தேடுவதை விட்டுவிடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் அது தானாகவே கூப்பிடும். அந்தக் குரலை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, சருகு நிறைந்த நிழலான மூலையில் தரையோடு தரையாக அமர்ந்திருங்கள். சருகைப் புரட்டிப் புழுத் தேடிக்கொண்டு அதுவே வெளியே வரும். வெளிச்சம் குறைவென்பதால், கமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை 1600 அல்லது 3200 வரை உயர்த்தத் தயங்கவேண்டாம். சிறிது மணல்மணலாகத் தெரியும் கூர்மையான படம், வழவழப்பாக அசைந்த படத்தைவிட மேலானது. முற்றத்துச் சருகை விடியமுன் கூட்டித் தள்ளும் வீடுகளில் இக்குருவியைக் காண்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளுக்கு எந்த மாதம் நல்லது?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: பசும்புல்லோடு வேண்டுமானால் தை, மாசி, காய்ந்த வெளியில் நீரைத் தேடி அவை கூடுவதை எடுக்கவேண்டுமானால் பங்குனி, சித்திரை. பின்னைய மாதங்களில் கடலும் அமைதியாக இருக்கும். குறிகட்டுவானிலிருந்து காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்புகிறவர்களுக்கு நடுப்பகல் வெளிச்சம் மட்டுமே மிஞ்சுவதால், ஓரிரவு அங்கே தங்கும் ஏற்பாட்டோடு செல்லுங்கள்.

கேள்வி: சுண்டிக்குளத்தில் ட்ரோன் பறக்கவிட்டுப் பறவைக் கூட்டத்தை மேலிருந்து எடுக்க எண்ணியுள்ளோம். ஏதேனும் தடை உண்டா?
(நண்பர்கள் குழு, பளை)

பதில்: உண்டு. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அங்கே நுழைவதும் படம் எடுப்பதும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். அனுமதிகளெல்லாம் கிடைத்தாலும்கூட நான் இதற்கு உடன்படமாட்டேன்; மேலே வரும் எதையும் பறவைகள் பருந்தென்றே கருதிக் கலையும். கிழக்குக் கரைக்கும் முகமாலைப் பக்கத்துக்கும் செல்லும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் உள்ள இடங்களில், எவ்வளவு நல்ல காட்சி தெரிந்தாலும், பழகிய பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். படைமுகாம்கள் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கேள்வி: நண்பகல் வெயிலில் இயற்கையைப் படம் எடுக்கவே கூடாது என்கிறார்கள். சித்திரை விடுமுறையில் எனக்கு ஓய்வு கிடைப்பதே நண்பகலில்தான். செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
(வாசகர், உரும்பிராய்)

பதில்: பொதுவாகக் கூடாது என்பது சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரண்டொரு நாட்கள் விதிவிலக்கு. ஏப்ரல் 14, 15 ஆம் திகதியளவில் நண்பகல் 12.10 மணிக்குச் சூரியன் எமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் பனையின் நிழல் அதன் வட்டுக்கு நேர் கீழே, அடிமரத்தைச் சுற்றி ஒரு பூவைப்போல விழும். பூவரசு நிழலில் தரையைப் பாருங்கள்: இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாகிச் சூரியனின் உருவத்தையே தரையில் விழுத்துகின்றன. மற்ற நாட்களில் சாய்ந்து நீள்வட்டமாகத் தெரியும் அந்த ஒளிப்பொட்டுகள் அன்று சரியான வட்டமாக இருக்கும்.

உரும்பிராயில் ஆழமான தோட்டக்கிணறுகள் உண்டு. வெயில் அடிமட்டம்வரை நேராக இறங்கி நீரை ஒளிரவைப்பதும் அந்தச் சில நிமிடங்களில்தான். நேர் மேலே குனிந்து எடுத்தால் சூரியனின் பிரதிபலிப்பு கண்ணையும் லென்ஸையும் தாக்கும். இல்லாவிட்டால் உங்கள் தலையின் நிழல் நடுவில் விழும். நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி, செங்குத்தாகப் பார்க்கும்போது பிரதிபலிப்பைத் தடுக்காது. ஆகவே 12.10 க்கு ஐந்து நிமிடம் முன்னரோ பின்னரோ கிணற்றுக்கட்டின் ஒரு பக்கமாக நின்று, எதிர்ச்சுவரின் கற்களும் நீரும் சேர்ந்து தெரியும்படி சாய்வாக எடுங்கள். வடிகட்டி அங்கே பயன்படும். கட்டில்லாத கிணறானால் தனியே போகாதீர்கள். கமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பின்னரே குனியுங்கள்.